கல்வியியல் பேராசிரியர் ஒருவரை விருதுக்குப் பரிந்துரைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் கல்வியியல் துறையில் நீண்ட காலமாகப் பணியாற்றும் பேராசிரியர் ஒருவர், ஒரு புதிய பட்டப்படிப்பைத் தொடங்கி வளர்த்தவர். ஆய்வு மாணவர்கள் பலரையும் இளம் ஆசிரியர்கள் சிலரையும் ஆளாக்கியவர். பல்கலைக்கழகம் வழங்கும் விருதுக்கு அவரைப் பரிந்துரைக்க நினைக்கிறோம். கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

தேர்வுக் குழுவின் மேசைக்கு வரும் பெயர்கள் எல்லாமே நல்ல பேராசிரியர்களின் பெயர்கள்தான். எல்லாரும் உழைப்பவர்கள், எல்லாரும் மாணவர்கள்மேல் அக்கறை உள்ளவர்கள். அதனால் "அயராத உழைப்பாளி", "அர்ப்பணிப்பு மிக்கவர்" என்று எத்தனை முறை எழுதினாலும் குழுவால் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்தறிய முடியாது. அவர்கள் மனதுக்குள் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: இவர் இந்தத் துறைக்கு வராமல் இருந்திருந்தால் இன்று இங்கே எது இருந்திருக்காது? உங்கள் கோப்பின் ஒவ்வொரு பக்கமும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். சொல்லாத பக்கத்தை எடுத்துவிடலாம்.

முதல் வேலை, விருது அறிவிப்பை வரிவரியாகப் படிப்பது. பார்க்க வேண்டியவை: யார் பரிந்துரைக்கலாம் (துறைத்தலைவர் மட்டுமா, எவருமா, தானே விண்ணப்பிக்கலாமா), குறைந்தபட்சப் பணிக்காலம், ஓய்வு பெற்றவர்கள் தகுதி உடையவர்களா, கணக்கில் வரும் காலம் எது (வாழ்நாள் முழுவதுமா, கடந்த 5 ஆண்டுகளா), பக்க வரம்பு, பரிந்துரைக் கடிதங்களின் எண்ணிக்கை, அவை எங்கே போய்ச் சேர வேண்டும். மதிப்பெண் பங்கீடு வெளியிட்டிருந்தால் அதுதான் உங்கள் பொருளடக்கம். வழிகாட்டுதலுக்கு 40 மதிப்பெண், ஆய்வு வெளியீடுகளுக்கு 10 என்று இருக்கும்போது மூன்று பக்கம் கட்டுரைப் பட்டியல் வைப்பது வீண். பக்க வரம்பை மீறிய கோப்புகளைப் படிக்காமலே ஒதுக்கும் குழுக்களும் உண்டு.

எந்த விருது என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். சிறந்த கற்பித்தலுக்கான விருது, வழிகாட்டுதலுக்கான விருது, சேவை விருது, வாழ்நாள் சாதனை விருது என்று தனித்தனியாக இருந்தால், படிப்புகளை உருவாக்குவது எதில் சேரும் என்ற குழப்பம் வரும். அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் போயர் 1990இல் புலமையை நான்காக வகுத்தார்: கண்டுபிடித்தல், ஒருங்கிணைத்தல், பயன்படுத்தல், கற்பித்தல். படிப்பை உருவாக்குவதும் ஒரு புலமைப் பணியே, அலுவலக வேலை அல்ல என்று வாதிட வேண்டிய இடத்தில் இந்த வகைப்பாடு கை கொடுக்கும். ஆனால் ஒரு வரி போதும். கல்வியியல் அறிஞர்களே உட்கார்ந்திருக்கும் குழுவுக்குக் கல்வியியல் பாடம் எடுக்க வேண்டாம்.

பேராசிரியரிடம் சொல்லிவிட்டுச் செய்வதா, சொல்லாமல் செய்து வியப்பில் ஆழ்த்துவதா? சொல்லிவிடுங்கள். பழைய பாடத்திட்ட வரைவுகள், ஆய்வு மாணவர் பட்டியல், குழு நியமன ஆணைகள் எல்லாம் பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும். அவருடைய தன்விவரக் குறிப்பில் பாதி வேலைகள் எழுதப்படாமலே இருக்கும். கேட்டால்தான் வெளியே வரும். ஒரு மணி நேரம் அவரோடு உட்காருங்கள். "என்னென்ன சாதித்தீர்கள்" என்று கேட்டால் பலரும் கூச்சப்பட்டு நழுவிவிடுவார்கள். "இந்தப் படிப்பில் முதலில் எது சரியாக வரவில்லை? அதை எப்போது, எப்படி மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். கோப்புக்கு வேண்டிய செய்தி அந்தப் பதிலில் இருக்கும். விருதே வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் மதிக்க வேண்டும்.

படிப்பை உருவாக்கிய பணிக்கு ஆதாரம்

"புதிய முதுநிலைப் படிப்பைத் தொடங்கினார்" என்பது ஒரு தகவல். அது சாதனை ஆக வேண்டுமானால் நான்கு செய்திகள் கூட வர வேண்டும். அதற்கு முன்பு என்ன குறை இருந்தது? எந்த முடிவுகளை இவர் எடுத்தார்? அது பாடத்திட்டக் குழு, கல்விக் குழு ஆகியவற்றின் ஒப்புதலை எப்போது பெற்றது? தொடங்கிய பிறகு என்ன ஆனது?

பலர் முதல் கேள்வியையே தாண்டிப் போய்விடுகிறார்கள். குறையைச் சொன்னால் துறையைக் குறை சொன்னதாக ஆகிவிடும் என்ற தயக்கம். ஆனால் முந்தைய நிலை தெரியாமல் மாற்றத்தை அளக்க முடியாது. உதாரணமாக, முன்பு கற்பித்தல் பயிற்சி கடைசிப் பருவத்தில் மட்டும் தொடர்ச்சியாக 6 வாரம் இருந்தது. மாணவர்கள் பள்ளியில் தடுமாறியதைத் திருத்திக்கொள்ள வகுப்பறைக்குத் திரும்பி வர வாய்ப்பே இல்லை. இவர் அதைப் பிரித்து முதல் பருவத்திலிருந்தே வாரம் ஒரு நாள் பள்ளி அனுபவமாக ஆக்கினார், அதையொட்டி ஒவ்வொரு வாரமும் கலந்துரையாடல் வகுப்பு வைத்தார் என்று எழுதினால், படிப்பவருக்கு ஒரு கல்வியாளர் சிந்தித்த விதம் தெரிகிறது. "கற்பித்தல் பயிற்சியை மேம்படுத்தினார்" என்றால் எதுவுமே தெரிவதில்லை.

ஆவணங்களாகத் தேட வேண்டியவை: பழைய பாடத்திட்டமும் புதிய பாடத்திட்டமும், பாடத்திட்டக் குழுக் கூட்டக் குறிப்புகள், ஒப்புதல் தேதிகள், ஆண்டுவாரியாகச் சேர்க்கை எண்ணிக்கை, படிப்பை முடித்தவர் எண்ணிக்கை, பள்ளிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள், வெளி மதிப்பீட்டுக் குழு எழுதிய அறிக்கை, இந்தப் பாடத்திட்டத்தை வேறு நிறுவனம் எடுத்துக்கொண்டிருந்தால் அதற்கான கடிதம். எல்லாவற்றையும் பின்னிணைப்பில் கொட்ட வேண்டாம். பழைய, புதிய பாட அமைப்பை ஒரே பக்கத்தில் அருகருகே வைத்து, மாறிய இடங்களைக் குறித்துக் காட்டினால் இருபது பக்கப் பாடத்திட்டத்தைவிட அது நன்றாகப் பேசும்.

இனி, இந்த வகைக் கோப்புகளில் மிகவும் சிக்கலான இடம். பாடத்திட்டத்தைத் தனி ஒருவர் உருவாக்குவதில்லை, குழுதான் உருவாக்குகிறது. "இந்தப் படிப்பை இவரே உருவாக்கினார்" என்று நீங்கள் எழுத, அதே பாடத்திட்டக் குழுவில் இருந்த ஒருவர் தேர்வுக் குழுவிலும் இருந்துவிட்டால் கோப்பின் நம்பகத்தன்மை அங்கேயே போய்விடும். ஆகவே வினைச்சொற்களில் கவனம் வேண்டும். "குழுவுக்குத் தலைமை ஏற்றார்", "முதல் வரைவை எழுதினார்", "மூன்று தாள்களை வடிவமைத்தார்", "கல்விக் குழுவில் முன்வைத்து ஒப்புதல் பெற்றார்", "பள்ளிகளைத் தேடிப் போய்ப் பேசி இணங்க வைத்தார்" என்று ஒவ்வொன்றும் வேறு வேறு வேலை. எது உண்மையோ அதை எழுதுங்கள். மற்ற உறுப்பினர்களின் பங்கையும் ஒரு வரியில் ஒப்புக்கொள்ளுங்கள். அதனால் இவர் பங்கு குறையாது. நீங்கள் சொல்லும் மீதிச் செய்திகளையும் குழு நம்பத் தொடங்கும். இன்னும் நல்லது, அந்தக் குழுவில் உடனிருந்தவரையே ஒரு கடிதம் எழுதச் சொல்வது. "இந்த மூன்று முடிவுகளும் அவருடையவை, நாங்கள் முதலில் எதிர்த்தோம்" என்று சக உறுப்பினர் எழுதும் ஒரு வாக்கியத்துக்கு உங்கள் இரண்டு பக்கம் ஈடாகாது.

எண்களைக் கையாளும்போது

ஒரே ஆண்டின் எண்ணைத் தராதீர்கள். மாற்றத்துக்கு முந்தைய 3 ஆண்டு, பிந்தைய 3 ஆண்டு என வைத்தால் போக்கு தெரியும். சதவீதம் எழுதினால் எத்தனை பேரில் என்பதும் கூடவே வர வேண்டும். 8 பேர் கொண்ட வகுப்பில் "தேர்ச்சி 25 சதவீதம் கூடியது" என்றால் இரண்டு பேர் என்று பொருள். அதை "8 பேரில் 5 பேர் என்றிருந்தது 7 பேர் ஆனது" என்றே எழுதிவிடலாம். அதே காலத்தில் கல்வி உதவித்தொகை கூடியதாலோ சேர்க்கை விதி மாறியதாலோ சேர்க்கை உயர்ந்திருந்தால், அதை மறைக்காமல் சொல்லுங்கள். குழுவில் ஒருவருக்காவது அது தெரிந்திருக்கும்.

பயிற்சிகளை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் முன்வைத்த நான்கு நிலைகள் இங்கே நல்ல சல்லடை: பங்கேற்றவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலையில் அவர்கள் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் விளைவு கிடைத்ததா. பெரும்பாலான கோப்புகள் முதல் நிலையிலேயே நின்றுவிடுகின்றன, அதாவது மாணவர் கருத்துப் படிவத்தில் 5க்கு 4.7. இந்த எண்ணை மட்டும் நம்பிக் கோப்பை எழுப்பக் கூடாது. மாணவர் தரும் மதிப்பீடு உயர்வதற்கும் அவர்கள் உண்மையில் கற்ற அளவுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்று 2017இல் வெளியான, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. கல்வியியல் துறையினர் பலருக்கு அது தெரியும். கருத்துப் படிவ எண்ணை ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

ஆசிரியர் கல்வியில் மூன்றாவது நிலைக்கு ஆதாரம் கிடைப்பது அவ்வளவு கடினமும் அல்ல. கற்பித்தல் பயிற்சியின்போது மேற்பார்வையாளர் நிரப்பும் வகுப்பறை உற்றுநோக்கல் படிவங்கள் துறையிலேயே இருக்கும். பாடத்திட்டம் மாறுவதற்கு முந்தைய ஒரு தொகுதியையும் பிந்தைய ஒரு தொகுதியையும் எடுத்து, கேள்வி கேட்கும் முறை, மாணவர் பதிலைக் கையாளும் விதம் போன்ற இரண்டு மூன்று கூறுகளை மட்டும் ஒப்பிடலாம். படிவமே இடையில் மாறியிருந்தால் ஒப்பிடாதீர்கள், அது நேர்மையாகாது. இந்தப் படிப்பை முடித்தவர்களை வேலைக்கு எடுத்த பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்குவதும் இதே நிலை ஆதாரம்தான். நான்காவது நிலை, அதாவது பள்ளிக் குழந்தைகளின் கற்றல் உயர்ந்தது என்பது, ஒரு விருதுக் கோப்பில் நிறுவக்கூடியது அல்ல. அதைச் சொல்லாமல் விடுவதே மதிப்பு.

வழிகாட்டுதல்: அன்பை எழுதுவதும் செயலை எழுதுவதும்

வழிகாட்டுதல் பகுதியில்தான் கோப்புகள் அதிகம் வழுக்குகின்றன. "தாயைப் போல் அரவணைத்தார்", "தந்தையாக நின்றார்" என்று எல்லாக் கடிதங்களும் ஒரே குரலில் பேசும். உண்மையாகவே இருக்கும், ஆனால் குழுவால் எடைபோட முடியாது.

பணியிட வழிகாட்டுதலை ஆராய்ந்த கேதி கிராம் 1985இல் அதன் பணிகளை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, தொழில் சார்ந்தவை: வாய்ப்புக்குப் பெயரை முன்மொழிதல், பிறர் பார்வையில் படும்படி செய்தல், பயிற்றுவித்தல், பாதகமான சூழலில் காத்து நிற்றல், சவாலான வேலையை ஒப்படைத்தல். இன்னொன்று, மனம் சார்ந்தவை: முன்மாதிரியாக இருத்தல், ஏற்று உறுதிப்படுத்துதல், ஆலோசனை, நட்பு. நம் கடிதங்கள் ஏறக்குறைய முழுக்கவும் இரண்டாவது வகையில்தான் இருக்கும். முதல் வகையை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். எந்தக் கருத்தரங்கில் முதன்முதலாகப் பேச இவர் உங்கள் பெயரைக் கொடுத்தார்? உங்கள் ஆய்வேட்டின் எந்த அத்தியாயத்தை எத்தனை முறை திருப்பி அனுப்பினார், என்ன குறிப்போடு? நீங்கள் வடிவமைக்க எந்தத் தாளை ஒப்படைத்தார்? ஆய்வு நிதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டபோது அடுத்து என்ன செய்யச் சொன்னார்? இப்படிக் கேட்டால் கடிதத்தின் மொழியே மாறிவிடும்.

பேராசிரியர் பெண்ணாக இருந்தால் இதில் இன்னும் கவனம் தேவை. மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியப் பணிக்கு விண்ணப்பித்தவர்களுக்காக எழுதப்பட்ட 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களைப் பிரான்சிஸ் டிரிக்ஸ், கரோலின் சென்கா இருவரும் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். பெண்களுக்கான கடிதங்கள் சராசரியாகச் சிறியவையாக இருந்தன, ஐயத்தைக் கிளப்பும் சொற்றொடர்கள் அவற்றில் கூடுதலாக இருந்தன, ஆராய்ச்சித் திறனைவிடக் கடின உழைப்பும் பரிவும் முன்னால் வந்தன. எழுதியவர்களுக்குத் தீய நோக்கம் இருந்திருக்க வேண்டியதில்லை, பழக்கம் போதும். கடிதங்கள் வந்ததும், இவர் பெயருக்குப் பதில் ஓர் ஆண் பேராசிரியர் பெயரைப் போட்டு மனதுக்குள் படித்துப் பாருங்கள். அவரைப் பற்றி இப்படி எழுதியிருப்பார்களா என்று தோன்றும் இடங்களை உங்கள் முதன்மைக் கடிதத்தில் ஈடுகட்டலாம்.

வழிகாட்டுதலுக்கு ஓர் அட்டவணை வேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல். நிரல்கள்: காலம், இவருடைய பங்கு, ஆய்வுப் பொருள் அல்லது பணி, முடித்த ஆண்டு, இன்றைய பொறுப்பு. "பங்கு" என்ற நிரலை விட்டுவிடாதீர்கள். முதன்மை நெறியாளர், இணை நெறியாளர், ஆலோசனைக் குழு உறுப்பினர், முறைசாரா வழிகாட்டி ஆகிய நால்வரும் ஒன்றல்ல. "40 முனைவர்களை உருவாக்கினார்" என்று எழுதி, அதில் 25 பேருக்கு இவர் வெறும் குழு உறுப்பினர் என்று பின்னால் தெரிந்தால், முதன்மை நெறியாளராக இருந்து கொண்டுவந்த 15 பேரின் பெருமையும் சேர்ந்து அடிபடும். பாதியில் விட்டுப் போனவர்களையும் எண்ணிக்கையில் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவரை இவர் வேறு துறைக்கோ வேறு நெறியாளரிடமோ முறையாக அனுப்பி வைத்திருந்தால் அதுவும் வழிகாட்டுதல்தான். சில சமயம் அதுவே நல்ல சான்று.

மாணவர் பெயர் முதலாவதாகவும் இவர் பெயர் இரண்டாவதாகவும் உள்ள கட்டுரைகளைத் தனியாகக் குறியுங்கள். யார் பெயர் முன்னால் வருகிறது என்பது, ஒரு நெறியாளர் தன் மாணவரை எப்படி நடத்தினார் என்பதைச் சத்தமில்லாமல் காட்டும். படிப்பில் இருக்கும் மாணவர்களின் பெயரை அவர்கள் சம்மதமில்லாமல் அட்டவணையில் போட வேண்டாம்.

இளம் ஆசிரியர்களுக்கு வழிகாட்டியதை மறந்துவிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர் வகுப்பைப் போய்ப் பார்த்துக் கருத்துச் சொன்னது, முதல் வினாத்தாளை உடனிருந்து தயாரித்தது, பதவி உயர்வுக் கோப்பைத் திருத்திக் கொடுத்தது எல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. சம்பந்தப்பட்டவரின் கடிதம் ஒன்றுதான் ஆதாரம்.

கல்வியியல் பேராசிரியரிடம் படிப்பை உருவாக்குவது, வழிகாட்டுவது என்ற இந்த இரண்டு பணிகளும் தனித்தனியாக நடப்பதில்லை என்பதைக் காட்ட முடிந்தால் உங்கள் கோப்பு மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும். புதிய படிப்பில் ஒரு தாளை இளம் ஆசிரியரிடம் ஒப்படைக்கிறார். அவர் அதை வடிவமைக்கக் கற்றுக்கொள்கிறார். ஆய்வு மாணவர் அந்தத் தாளின் மதிப்பீட்டு முறையைத் தன் ஆய்வுப் பொருளாக எடுக்கிறார். முதல் தொகுதியில் படித்துப் போனவர் பள்ளியில் ஆசிரியராகி, இன்று அதே படிப்பின் பயிற்சி மாணவர்களுக்குப் பள்ளியில் வழிகாட்டுகிறார். இப்படி ஒரே ஒரு இழையைப் பெயர், ஆண்டோடு முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை கொண்டுபோனால் போதும். ஐந்து இழைகளை எடுத்தால் எதுவும் மனதில் நிற்காது.

கடிதங்கள்

ஐந்து கடிதங்கள் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான் பிரிக்கும் விதம்: பாடத்திட்டக் குழுவில் உடனிருந்தவர் ஒருவர், இந்தப் படிப்பின் மாணவர்களை ஏற்றுக்கொள்ளும் பள்ளியின் தலைமையாசிரியர் ஒருவர், 10 ஆண்டுகளுக்கு முன்பே படித்து முடித்துச் சொந்தக் காலில் நிற்கும் பழைய ஆய்வு மாணவர் ஒருவர், அண்மையில் முடித்தவர் ஒருவர், துறையின் இளம் ஆசிரியர் ஒருவர். ஐவரும் ஐந்து கோணங்களில் பார்த்தவர்கள். ஐந்து பழைய மாணவர்கள் எழுதினால் ஒரே கடிதத்தை ஐந்து முறை படித்ததுபோல் இருக்கும். நேச்சர் இதழ் 2005 முதல் வழங்கிவரும் அறிவியல் வழிகாட்டுதல் விருதிலும், வெவ்வேறு காலகட்டங்களில் வழிகாட்டல் பெற்ற பலருடைய சாட்சியம்தான் கேட்கப்படுகிறது. ஒருவர் 20 ஆண்டுகள் தொடர்ந்து இப்படியே இருந்தாரா என்பதை வேறு எப்படித் தெரிந்துகொள்வது?

இப்போது அவரிடம் ஆய்வு செய்துகொண்டிருக்கும் மாணவரிடம் கடிதம் கேட்காதீர்கள். ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவரைப் பற்றி அவரால் மறுப்புச் சொல்ல முடியாது, குழுவும் அந்தக் கடிதத்தை அரை மனதோடுதான் படிக்கும். விதிப்படி கட்டாயம் தேவை என்றால், கடிதம் பேராசிரியர் கண்ணில் படாமல் நேராகத் துறை அலுவலகத்துக்கோ தேர்வுக் குழுவுக்கோ போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். அதை மாணவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேட்டு எழுதும் மடல் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். பேராசிரியர் அவர்களை இந்த ஆண்டு வழிகாட்டுதல் விருதுக்குப் பரிந்துரைக்கிறோம். அவரிடம் நீங்கள் ஆய்வு செய்த காலத்தைப் பற்றி ஒன்று முதல் ஒன்றரைப் பக்கக் கடிதம் தேவை. அவரை எப்போதிலிருந்து, எந்த வகையில் அறிவீர்கள் என்று தொடங்கி, அவர் செய்த குறிப்பிட்ட ஒரு செயலையும் அதனால் உங்கள் பணியில் ஏற்பட்ட மாற்றத்தையும் எழுத வேண்டுகிறோம். புதிய படிப்பைப் பற்றி வேறொருவர் எழுதுகிறார். நீங்கள் ஆய்வு வழிகாட்டலை மட்டும் எழுதினால் போதும். விருதின் அளவுகோல்களும் அவருடைய சுருக்கமான தன்விவரமும் இணைப்பில் உள்ளன. கடைசி நாளுக்கு மூன்று வாரம் முன்பாக அனுப்பினால் உதவியாக இருக்கும். எழுத இயலாத சூழல் என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள்."

கடைசி வாக்கியம் வெறும் மரியாதைக்காக இல்லை. மனமில்லாமல் எழுதப்படும் நாலு வரிக் கடிதம், கடிதமே இல்லாததைவிட மோசம்.

நீங்களே கடிதத்தை எழுதிக் கொடுத்துக் கையெழுத்து மட்டும் வாங்கும் வழக்கம் இருக்கிறது. செய்யாதீர்கள். ஒரே சொற்றொடர் இரண்டு கடிதங்களில் வந்தாலே படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பிறகு மீதிக் கடிதங்களும் சந்தேகத்தோடுதான் படிக்கப்படும். எழுத வராது என்று ஒருவர் தயங்கினால், கேள்விகளைக் கேட்டு அவர் பேசுவதைக் குறித்துக் கொடுங்கள். கோர்த்து எழுதுவதை அவரே செய்யட்டும்.

முதன்மைப் பரிந்துரைக் கடிதம்

இரண்டு பக்கம். இதைக் கடைசியில் எழுதுங்கள், மற்றக் கடிதங்களும் அட்டவணையும் கைக்கு வந்த பிறகு. முதல் பத்தியிலேயே மூன்று கூற்றுகளைச் சொல்லிவிட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கோப்பில் ஆதாரம் எந்தப் பக்கத்தில் என்று அடைப்புக்குறியில் காட்ட வேண்டும். டஜன் கணக்கில் கோப்பு படிப்பவர் உங்கள் முதல் பத்தியை வைத்துத்தான் மீதியை எப்படிப் படிப்பது என்று முடிவு செய்கிறார்.

மாதிரிக்கு ஒரு முதல் பத்தி (எண்கள் கற்பனை): "பேராசிரியர் தலைமையிலான குழு வடிவமைத்த முதுநிலைப் படிப்பு 9 ஆண்டுகளாக நடக்கிறது, அதன் கற்பித்தல் பயிற்சி அமைப்பு அவருடைய வரைவு (பக். 4). அவர் முதன்மை நெறியாளராக இருந்து முனைவர் பட்டம் பெற்ற 14 பேரில் 9 பேர் இன்று ஆசிரியர் கல்வியில் பணியாற்றுகிறார்கள் (பக். 7). படிப்பின் 12 தாள்களில் 5 தாள்களை இன்று நடத்துபவர்கள், அவர் வழிகாட்டலில் அவற்றை வடிவமைத்த இளம் ஆசிரியர்கள் (பக். 8, கடிதம் 5)." அடைமொழி ஒன்றுகூட இல்லை, ஆனால் பாராட்டு முழுதாக இருக்கிறது.

மூன்றாவது கூற்றைக் கவனியுங்கள். பேராசிரியர் விடுப்பில் போனாலும் ஓய்வு பெற்றாலும் அந்தப் படிப்பு நடக்கும் என்பதை அது காட்டுகிறது. அவர் ஒருவரையே நம்பி நிற்கும் படிப்பு அவருடைய உழைப்புக்குச் சான்றாகலாம். படிப்பின் வளர்ச்சிக்குச் சான்றாகாது. பரிந்துரைப்பவர்கள் இதைத் தலைகீழாக எழுதுவது உண்டு: "அவர் இல்லாவிட்டால் ஒரு நாளும் ஓடாது" என்று பெருமையாக. அனுபவமுள்ள மதிப்பீட்டாளருக்கு அது ஓர் அபாய மணி.

தோல்வியையும் ஓரிடத்தில் வையுங்கள். முதலாண்டில் சேர்க்கை குறைவாக இருந்தது, ஒரு தாள் பொருந்தவில்லை என்று எடுத்துவிட்டார்கள், பள்ளிகள் முதலில் மறுத்தன, எதுவாக இருந்தாலும் சரி. என்ன செய்து சரி செய்தார் என்பதோடு மூன்று வரி. குறையே இல்லாத வரலாற்றை யாரும் நம்புவதில்லை.

காலக் கணக்கு

கடைசி நாளிலிருந்து பின்னோக்கி 12 வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் விதிகள், பேராசிரியர் சம்மதம், அவரோடு உரையாடல். அடுத்த மூன்று வாரம் ஆவணங்கள். பழைய கூட்டக் குறிப்புகளைத் தோண்டி எடுக்க அலுவலகத்துக்கு நேரம் பிடிக்கும், இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஐந்தாவது வாரத்துக்குள் கடிதம் கேட்டு மடல் போயிருக்க வேண்டும். எழுத 4 வாரம், நினைவூட்ட ஒரு வாரம். பத்தாவது வாரம் முதன்மைக் கடிதம். பதினோராவது வாரம், துறைக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம், முடிந்தால் இயற்பியல்காரரிடமோ பொறியியல்காரரிடமோ, கோப்பைக் கொடுத்து 10 நிமிடம் மட்டும் படிக்கச் சொல்லுங்கள். பிறகு கோப்பை வாங்கி வைத்துக்கொண்டு, "இவர் என்ன செய்தார்?" என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் மூன்று கூற்றுகளோடு ஒத்துப்போகவில்லை என்றால் திருத்த வேண்டியது முதல் பக்கத்தை. தேர்வுக் குழுவில் பெரும்பாலோர் வேறு துறையினர் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். "நுண்ணிலைக் கற்பித்தல்", "கட்டமைப்புவாதம்" போன்ற துறைச் சொற்கள் எங்கே தடுக்குகின்றன என்பதும் அப்போது தெரிந்துவிடும். கடைசி வாரம் பக்க எண், பெயர்களின் எழுத்து, தேதிகளைச் சரிபார்க்க மட்டும்.

விருது கிடைத்தால் மேடையில் வாசிக்கப் பாராட்டுரை கேட்பார்கள். 150 சொற்களைத் தாண்ட வேண்டாம். பட்டங்களையும் பதவிகளையும் அடுக்காமல், அவர் மாற்றிய ஒன்றையும் அவரால் வளர்ந்த ஒருவரையும் சொன்னால் போதும். பெயர் சொல்லப்படுபவரிடம் முன்பே அனுமதி வாங்கிவிடுங்கள்.

கிடைக்காவிட்டால், குழுவிடம் கருத்துக் கேட்டு எழுதுங்கள். எல்லாக் குழுவும் தராது. தந்தால் இரண்டு மூன்று வரிகளுக்குள் இருக்கும், ஆனால் அடுத்த ஆண்டுக்கு அதுதான் வழி. அதே கோப்பை அப்படியே திரும்ப அனுப்பாமல், அண்மைய ஆண்டின் எண்களைச் சேர்த்து, வலுக்குறைந்த கடிதம் ஒன்றை மாற்றி அனுப்புங்கள். இடைப்பட்ட காலத்தில் துறையே செய்யக்கூடிய அங்கீகாரங்கள் உண்டு: பாடத்திட்ட ஆவணத்தில் வடிவமைத்தவர்கள் பெயரைப் பதிவது, முறைசாரா வழிகாட்டலையும் பணிப்பளுக் கணக்கில் சேர்ப்பது, அடுத்த திருத்தத்துக்காக ஒரு பருவம் கற்பித்தல் நேரத்தைக் குறைத்துத் தருவது. கடைசியாகச் சொன்னது கேடயத்தைவிட அவருக்குப் பயன்படும். துறைத்தலைவர் மனம் வைத்தால் அதற்குத் தேர்வுக் குழுவும் தேவையில்லை.